சிலந்தி வேஷம் போடும் சின்ன அந்துப்பூச்சி



"மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதற்கு உதாரணம் சொல்லு என்றால் நாம் உடனே கடுகைச் சொல்வோம், இல்லாவிட்டால் எறும்பைச் சொல்வோம். இந்த மாத அறிவியல் தாளில் நான் எழுதப்போவது கடுகையும் எறும்பையும் தோற்கடிக்கிற ஒரு ஆளைப் பற்றி. அது ஒரு குட்டி அந்துப்பூச்சி. தன்னைப் பிடித்துத் தின்ன வருகிற சிலந்தியைப் போலவே வேஷம் போட்டு, அந்தச் சிலந்தியையே ஏமாற்றுகிறது. கதை மாதிரி இருக்கிறதா? கதை இல்லை. இதைச் சோதனை செய்து நிரூபித்திருக்கிறார்கள். எப்படி நிரூபித்தார்கள் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கொஞ்சம் பொறுமையாக நின்று படியுங்கள்.

யார் இந்த ஆள்?

நாம் ராத்திரி டியூப் லைட்டைச் சுற்றி வரும் பூச்சிகளைப் பார்த்திருக்கிறோம். அவற்றில் பல அந்துப்பூச்சிகள். வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் ஒரே வரிசையைச் சேர்ந்த சொந்தக்காரர்கள். இரண்டுக்கும் இறக்கை முழுக்கப் பொடி போன்ற செதில்கள் இருக்கும். உலகத்தில் இதுவரை பெயர் வைக்கப்பட்டவை சுமார் 1,60,000 இனங்கள். அதில் வண்ணத்துப்பூச்சிகள் சுமார் 18,000 மட்டும்தான். மீதி எல்லாம் அந்துப்பூச்சிகளே! வண்ணத்துப்பூச்சிக்குத்தான் பாட்டு, கவிதை, காலண்டர் படம் எல்லாம். அந்துப்பூச்சிக்கு நாம் கொடுப்பது விளக்குமாற்று அடி.

நம் கதாநாயகனின் பெயர் பிரெந்தியா ஹெக்ஸாசெலினா. வாய்க்குள் நுழையாத பெயர்தான், ஆனால் அர்த்தம் அழகு. கிரேக்க மொழியில் ஹெக்ஸா என்றால் ஆறு, செலீனே என்றால் நிலா. ஆறு நிலாப் பூச்சி! பிரெந்தியா என்பது பேரினத்தின் பெயர். இந்தப் பேரினத்தைச் சேர்ந்த பூச்சிகள் உலகத்தின் வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் உள்ளன. இந்தியாவிலும் இலங்கையிலும்கூட இந்தப் பேரினத்தின் இனங்கள் உண்டு. ஆனால் நான் சொல்லப்போகும் சோதனை நடந்த இடம் கோஸ்டா ரிகா என்ற நாடு.

கோஸ்டா ரிகா எங்கே இருக்கிறது? உலக வரைபடத்தில் வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைக்கும் ஒல்லியான நிலத்தைப் பாருங்கள். அதில் நிகரகுவாவுக்கும் பனாமாவுக்கும் நடுவில் இருக்கிறது. பரப்பளவு சுமார் 51,000 சதுர கி.மீ. நம் தமிழ்நாட்டின் பரப்பு 1,30,000 சதுர கி.மீ. அதாவது நம் மாநிலத்தில் பாதிகூட இல்லை. ஆனால் அங்குள்ள மழைக்காடுகளில் இருக்கும் உயிரினங்களைக் கணக்கெடுத்து இன்னும் முடியவில்லை.

தோற்றம் எப்படி?

ஸ்கேலை எடுத்து 1 செ.மீ. அளந்து பாருங்கள். பிரெந்தியா இறக்கையை விரித்தால் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். பக்கத்துத் தாளில் நான் வரைந்திருக்கும் படம் 10 மடங்குக்கு மேல் பெரிதாக்கியது. உண்மை அளவைப் படத்தின் கீழே ஒரு சின்னக் கோடாகப் போட்டிருக்கிறேன். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

நிறம் கரும்பழுப்பு. அதன் மேல் வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும். இறக்கை ஓரங்களில் வெள்ளி மாதிரி மின்னும் புள்ளிகள் உண்டு. இந்த மினுமினுப்புக்காகத்தான் இந்தக் குடும்பத்துக்கே ஆங்கிலத்தில் 'உலோகப் பொட்டு அந்துப்பூச்சிகள்' என்று அர்த்தம் வரும்படி பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தக் குடும்பத்தின் அறிவியல் பெயர் கொரியூட்டிடே. அதுவும் கிரேக்கம்தான். குழுவாக நடனமாடுபவர் என்று பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. ஏன் நடனம் என்றால், இந்தப் பூச்சிகள் இலை மேல் நடக்கும்போது நேராக நடப்பதில்லை. விசுக் விசுக்கென்று நகரும், நிற்கும், திரும்பும், மறுபடி நகரும்.

இன்னொரு விஷயம். இவை ராத்திரி ஆட்கள் இல்லை. பகலில், வெளிச்சத்தில், இலையின் மேல்பக்கத்தில் தைரியமாக உட்காரும். ஒரு சென்டிமீட்டர் பூச்சி பட்டப்பகலில் இலை நடுவில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? யாராவது பிடித்துத் தின்றுவிட மாட்டார்களா? அங்கேதான் வேஷம் வருகிறது.

மற்ற அந்துப்பூச்சிகள் உட்காரும்போது இறக்கையைக் கூரை மாதிரி மூடிக்கொள்ளும், அல்லது தட்டையாக விரித்து வைக்கும். பிரெந்தியா அப்படிச் செய்யாது. முன்னிறக்கைகளைத் தூக்கி, லேசாக முறுக்கிப் பிடிக்கும். அதனால் அடியில் இருக்கும் பின்னிறக்கைகள் வெளியே தெரியும். இந்த நிலையில் பார்த்தால் இறக்கையின் கோடுகள் மடக்கி வைத்த வரிக்கால்கள் போலத் தெரிகின்றன. புள்ளிகள் கண்கள் போலத் தெரிகின்றன. கூடவே அந்த விசுக் விசுக் நடை. மொத்தத்தில் இலை மேல் ஒரு குதிக்கும் சிலந்தி உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

யாருடைய வேஷம்?

குதிக்கும் சிலந்தியை உங்களுக்கு நன்றாகவே தெரியும். நம் வகுப்பறைச் சுவரில், ஜன்னல் கம்பியில், கரும்பலகை ஓரத்தில் குட்டையாக, ரோமம் அடர்ந்து, குடுகுடுவென்று ஓடி நின்று நம்மைத் திரும்பிப் பார்க்குமே, அதேதான். ஈயைக் கண்டால் பூனை மாதிரி பதுங்கிப் போய், பொசுக்கென்று பாய்ந்து பிடிக்கும். இரை பிடிக்க வலை பின்னாது. ஆனால் பாயும்போது ஒரு நூலை ஒட்டிவிட்டுத்தான் பாயும். தவறி விழுந்தாலும் அந்த நூலில் தொங்கி ஏறிவிடும்.

உலகத்தில் 6,000-க்கும் மேற்பட்ட குதிக்கும் சிலந்தி இனங்கள் உள்ளன. சிலந்திகளிலேயே பெரிய குடும்பம் இதுதான். இவற்றின் முக்கியமான ஆயுதம் கண். மொத்தம் எட்டுக் கண்கள். முகத்தின் நடுவில் இருக்கும் இரண்டு பெரிய கண்கள் கூர்மையாகப் பார்க்கும். மற்றவை பக்கவாட்டிலும் பின்னாலும் அசைவு தெரிகிறதா என்று காவல் காக்கும். நாம் பின்பக்கமாகப் போனாலும் அது சட்டென்று திரும்புவதற்குக் காரணம் இதுதான்.

பார்வையை நம்பி வாழ்கிற உயிரை எதால் ஏமாற்ற முடியும்? பார்வையால்தான்! வாசனையை நம்பி வேட்டையாடும் பிராணியிடம் இந்த வேஷம் செல்லாது. கண் நன்றாகத் தெரிகிறவனிடம்தான் வேஷம் போட முடியும் என்பது யோசித்தால் வேடிக்கையாக இல்லையா?

(உங்களுக்குத் தெரியுமா? குதிக்கும் சிலந்தியின் பின்னங்கால்களில் தவளைக்கு இருப்பது போன்ற பெரிய தசைகள் கிடையாது. உடம்பில் உள்ள திரவத்தைக் கால்களுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி, காலைச் சடாரென்று நிமிர்த்தித்தான் அது தாவுகிறது. ஜே.சி.பி. இயந்திரத்தின் கை எண்ணெய் அழுத்தத்தால் நீள்வது போல!)

மிமிக்ரி என்றால் என்ன?

ஆண்டு விழாவில் ஒருத்தர் மேடையேறி சினிமா நடிகர்கள் குரலில் பேசுகிறார். அதை மிமிக்ரி என்கிறோம். அறிவியலிலும் அதே சொல்தான். ஒரு உயிரினம் இன்னொன்றைப் போலத் தோற்றத்தாலோ நடத்தையாலோ சத்தத்தாலோ இருந்து, அதனால் பலன் அடைந்தால் அது மிமிக்ரி.

இதை முதலில் தெளிவாக எழுதியவர் ஹென்றி பேட்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர். 1848 முதல் 1859 வரை அமேசான் காட்டில் பூச்சி சேகரித்தார். பதினொரு வருஷம்! பறவைகள் தின்ன விரும்பாத, ருசி கெட்ட வண்ணத்துப்பூச்சிகளைப் போலவே, தின்னத் தகுந்த வேறு வண்ணத்துப்பூச்சிகளும் இருப்பதைக் கவனித்தார். 1862-இல் அதைப் பற்றி எழுதினார். அவர் பெயரால் அதை 'பேட்ஸ் மிமிக்ரி' என்கிறோம்.

அதில் மூன்று பேர் உண்டு. கெட்ட ருசிக்காரர் ஒருவர், அவரைப் பார்த்துக் காப்பியடிப்பவர் ஒருவர், ஏமாறும் பறவை ஒருவர். பிரெந்தியா கதையில் இரண்டே பேர்தான். யாரைப் பார்த்துக் காப்பியடிக்கிறதோ அவரேதான் ஏமாறுகிறவரும். திருடன் போலீஸ் உடுப்புப் போட்டுக்கொண்டு ஊரை ஏமாற்றுவது பேட்ஸ் வகை. அதே உடுப்பில் போலீஸ்காரரையே ஏமாற்றினால் அது பிரெந்தியா வகை. எது கஷ்டம் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒரு சந்தேகம்

இந்தப் பூச்சியின் படத்தை உயிரியல் சார் வகுப்பில் காட்டியபோது எல்லாரும் "ஆமா சார், சிலந்தி மாதிரியே இருக்கு!" என்று கத்தினோம். ஒரே ஒருத்தன் மட்டும் எழுந்து நின்றான்.

"சார், மேகத்துல யானை மாதிரி தெரியுது. அதுக்காக மேகம் யானை வேஷம் போடுதுன்னு சொல்ல முடியுமா?"

எல்லாரும் சிரித்தோம். சார் சிரிக்கவில்லை.

"உக்காருப்பா, நல்ல கேள்வி. நமக்கு அது சிலந்தி மாதிரி தெரியுது. சரி. ஆனா ஏமாற வேண்டியது நாம இல்லையே! அப்ப யாரைக் கேக்கணும்?"

வகுப்பே யோசித்தது. பின் பெஞ்சிலிருந்து பதில் வந்தது: "சிலந்தியைத்தான் சார் கேக்கணும்."

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர். இயற்கையில் எதைப் பார்த்தாலும் "இது அதுக்காக", "அது இதுக்காக" என்று கதை கட்டுவது சுலபம். கதை அழகாக இருப்பதால் அது உண்மையாகிவிடாது. 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று நம் ஊரில் சொல்வார்கள். சரி, சிலந்தியிடம் எப்படி விசாரிப்பது? அதற்குப் பேசத் தெரியாதே!

சிலந்தியிடம் விசாரணை

அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜட்ரான்கா ரோட்டா, டேவிட் வாக்னர் என்ற இருவர் கோஸ்டா ரிகாவில் இந்த விசாரணையைச் செய்தார்கள். முடிவை 2006-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள்.

சோதனை ரொம்ப எளிமையானது. ஒரு அடைப்புக்குள் ஒரு குதிக்கும் சிலந்தியையும் ஒரு பிரெந்தியாவையும் விடுவது. என்ன நடக்கிறது என்று பார்ப்பது. பிறகு வேறொரு அந்துப்பூச்சியை, அதே அளவுள்ள, ஆனால் சிலந்தி வேஷம் இல்லாத அந்துப்பூச்சியை, அதே போல விட்டுப் பார்ப்பது. இதையே திரும்பத் திரும்பப் பல தடவை செய்வது.

இரண்டாவது பூச்சி எதற்கு? இதைத்தான் 'கட்டுப்பாட்டுச் சோதனை' என்று நம் செய்முறை நோட்டில் எழுதுகிறோம். பிரெந்தியாவை மட்டும் விட்டு, சிலந்தி அதைத் தின்னவில்லை என்று வைத்துக்கொள்வோம். சிலந்திக்குப் பசி இல்லாமல் இருக்கலாம். அடைப்புக்குள் பயந்திருக்கலாம். அவ்வளவு சின்னப் பூச்சியை அது தின்னாமலே இருக்கலாம். இந்தச் சந்தேகங்கள் எல்லாம் தீர வேண்டுமென்றால், அதே அளவுள்ள வேறு பூச்சியை அதே மாதிரி விட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

முடிவைப் பாருங்கள்:

வேஷம் இல்லாத அந்துப்பூச்சிகளில் சிலந்தியிடம் சிக்கியவை: 100-க்கு சுமார் 62.

பிரெந்தியாவில் சிக்கியவை: 100-க்கு சுமார் 6.

பத்து மடங்கு வித்தியாசம்! இதோடு முடியவில்லை. இன்னொன்றும் நடந்தது. எனக்கு அந்த எண்களைவிட அதுதான் பெரிய சாட்சியாகத் தெரிகிறது. பிரெந்தியாவைப் பார்த்த சில சிலந்திகள் முன்னங்கால்களைத் தூக்கி ஆட்டின. குதிக்கும் சிலந்திகள் இப்படிக் காலைத் தூக்கி ஆட்டுவது இரையிடம் இல்லை. இன்னொரு குதிக்கும் சிலந்தியிடம்! "இது என் இடம், ஒதுங்கிப் போ" என்று சொல்லும் சைகை அது. சாப்பாட்டுத் தட்டில் இருக்கும் இட்லியைப் பார்த்து யாராவது "ஏய், யாருடா நீ?" என்று சண்டைக்குப் போவார்களா? போனால், அவர் அதை இட்லி என்று நினைக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

பேசத் தெரியாத சிலந்தி, தன் காலாலேயே வாக்குமூலம் கொடுத்துவிட்டது. மேகத்து யானைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மேகத்தைப் பார்த்து எந்த யானையும் பிளிறியதில்லை.

ஒட்டுப்போட்ட இறக்கை

சரி, வேஷத்தில் எது முக்கியம்? இறக்கையில் உள்ள கோடா, அல்லது ஆட்டும் விதமா? இதற்கு வேறொரு பூச்சியில் 1987-லேயே அழகான சோதனை செய்திருக்கிறார்கள். எரிக் கிரீன், லாரி ஓர்சாக், டக்ளஸ் விட்மன் என்ற மூவர் செய்தது. அந்தப் பூச்சி அந்துப்பூச்சி இல்லை, ஈ. சோனோசெமாட்டா என்று பெயர். நம் கத்தரிக்காய்க்குச் சொந்தமான ஒரு செடியில் வாழும் பழ ஈ வகை. அதற்கும் இறக்கையில் கால் போன்ற கருங்கோடுகள் உண்டு. ஆபத்து வந்தால் இறக்கையை மேலும் கீழும் ஆட்டும்.

இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த ஈயின் இறக்கையை வெட்டி வீட்டு ஈக்குப் பசை வைத்து ஒட்டினார்கள். வீட்டு ஈயின் இறக்கையை இந்த ஈக்கு ஒட்டினார்கள். இன்னும் சில ஈக்களுக்கு அதனதன் சொந்த இறக்கையையே வெட்டி மறுபடி அதற்கே ஒட்டினார்கள்.

"சொந்த இறக்கையை எதுக்கு வெட்டி ஒட்டணும்? வேலையத்த வேலை!" என்று தோன்றும். இல்லை. வெட்டி ஒட்டியதாலேயே ஈ தளர்ந்துபோய்ச் சிலந்தியிடம் சிக்கியதா என்று தெரிந்துகொள்ள அது வேண்டும். அதுவும் கட்டுப்பாட்டுச் சோதனைதான்.

முடிவு: கோடு போட்ட இறக்கை இருந்து, ஆட்டவும் தெரிந்த ஈக்கள் குதிக்கும் சிலந்தியை விரட்டின. சொந்த இறக்கையை வெட்டி ஒட்டிய ஈக்களும் அப்படியே விரட்டின. கோடு போட்ட இறக்கை கிடைத்தும் ஆட்டத் தெரியாத வீட்டு ஈ மாட்டிக்கொண்டது. ஆட்டத் தெரிந்தும் கோடு இல்லாத ஈயும் மாட்டிக்கொண்டது. அதாவது உடுப்பும் வேண்டும், நடிப்பும் வேண்டும். வேஷம் கட்டினால் மட்டும் போதாது, ஆடவும் தெரிய வேண்டும் என்று தெருக்கூத்து வாத்தியார்கள் சொல்வதும் இதுதானே!

இன்னொன்று. பல்லி வகை, கும்பிடுபூச்சி, வேறு வகைச் சிலந்தி போன்ற எதிரிகளிடம் இந்த ஈயின் வேஷம் பலிக்கவில்லை. அவை சாவகாசமாகப் பிடித்துத் தின்றன. வேஷம் ஒருத்தருக்காக மட்டும் தைத்த சட்டை. எல்லாருக்கும் பொருந்தாது.

கணக்குப் போடுவோம்

கணக்கு என்றதும் ஓடாதீர்கள், சின்னக் கணக்குதான். ஒவ்வொரு தடவை சிலந்தியைச் சந்திக்கும்போதும் மேலே சொன்ன விகிதத்திலேயே சிக்கும் என்று வைத்துக்கொள்வோம் (காட்டில் இப்படி அப்படியே நடக்காது, இது புரிந்துகொள்வதற்காக). ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் 100 பூச்சிகள்.

முதல் சந்திப்புக்குப் பிறகு: வேஷம் இல்லாதவை 38, பிரெந்தியா 94.

இரண்டாவது சந்திப்புக்குப் பிறகு: வேஷம் இல்லாதவை சுமார் 14, பிரெந்தியா சுமார் 88.

மூன்றாவது சந்திப்புக்குப் பிறகு: வேஷம் இல்லாதவை 5 அல்லது 6, பிரெந்தியா 83.

மூன்றே சந்திப்பு! ஒரு பக்கம் கிட்டத்தட்டக் காலி. இன்னொரு பக்கம் பெரும்பாலும் பிழைத்திருக்கிறது. பிழைத்தவைதான் முட்டையிடும். முட்டையிலிருந்து வருபவை அம்மா அப்பாவைப் போல இருக்கும்.

யார் சொல்லிக் கொடுத்தது?

"பூச்சிக்கு அவ்வளவு மூளையா? சிலந்தியைப் பார்த்து அதே மாதிரி கோடு போட்டுக்கொள்ள எப்படித் தெரியும்?" என்று ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி கேட்டாள். பூச்சிக்கு ஒன்றும் தெரியாது. தன் இறக்கை எப்படி இருக்கிறது என்றுகூட அதற்குத் தெரியாது.

மேலே போட்ட கணக்கிலேயே பதில் இருக்கிறது. பழைய காலத்தில் ஏதோ சில பூச்சிகளின் இறக்கையில் தற்செயலாகக் கொஞ்சம் அழுத்தமான கோடு இருந்திருக்கும். அதைப் பார்த்து ஒரு சிலந்தி ஒரு நொடி தயங்கியிருக்கும். அந்த ஒரு நொடியில் பூச்சி பறந்திருக்கும். அதன் பிள்ளைகளில் சிலவற்றுக்குக் கோடு இன்னும் கொஞ்சம் அழுத்தமாக அமைந்திருக்கும். இப்படியே எத்தனையோ ஆயிரம் தலைமுறை. தயங்கவைக்காத இறக்கைகள் சிலந்தியின் வயிற்றுக்குப் போயின, தயங்கவைத்த இறக்கைகள் அடுத்த தலைமுறைக்குப் போயின. இதைத்தான் இயற்கைத் தேர்வு என்று டார்வின் சொன்னார்.

யோசித்தால், இந்த ஓவியத்தை வரைந்தது பூச்சி இல்லை, சிலந்திதான்! எந்த இறக்கை தப்பிக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தது அதன் எட்டுக் கண்கள்தானே. தன்னை ஏமாற்றும் வேஷத்தைத் தானே தைத்துக் கொடுத்த தையல்காரர் அது.

புழுவும் சும்மா இல்லை

வளர்ந்த பூச்சிக்கு இறக்கை இருக்கிறது, வேஷம் போடுகிறது. இறக்கையே இல்லாத புழுப் பருவத்தில் என்ன செய்யும்? அதையும் அதே ரோட்டாவும் வாக்னரும் 2008-இல் எழுதினார்கள். பிரெந்தியா புழு இலை மேல் மெல்லிய நூல் வலை பின்னி, அதன் கீழ் இருந்துகொண்டு இலையைச் சுரண்டித் தின்னும். இலையில் ஒரு சின்ன ஓட்டையும் போட்டு வைத்திருக்கும். உடம்பில் நீளமான உணர்ரோமங்கள். யாராவது வலையைத் தொட்டால் நூல் அதிரும். அதிர்ந்ததும் கண் இமைக்கும் நேரத்தில் புழு ஓட்டை வழியாக இலையின் மறுபக்கம் போய்விடும்! வந்தவர் தேடிக்கொண்டிருப்பார், புழு அடிமாடியில் பத்திரமாக இருக்கும். பழைய அரண்மனைகளில் சுரங்கப்பாதை இருந்ததாகச் சொல்வார்களே, அது மாதிரி.

இதனால் நமக்கு என்ன?

"இதைத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது, பரீட்சைக்கு வருமா?" என்று சிலர் கேட்பது காதில் விழுகிறது. பரீட்சைக்கு வராது. ஆனால் மூன்று விஷயம் சொல்கிறேன்.

ஒன்று: இந்த வேஷத்துக்கு மதிப்பு இருப்பது சிலந்தி இருக்கும் வரைதான். ஒரு காட்டில் சிலந்தியை மட்டும் எடுத்துவிட்டால், எத்தனையோ ஆயிரம் தலைமுறை உழைப்பில் உண்டான அந்த இறக்கை வெறும் கோடும் புள்ளியும்தான். ஆகவே ஒரு பூச்சியைக் காப்பாற்றுவது என்றால் அதன் எதிரியையும் சேர்த்துக் காப்பாற்றுவது. அது வாழும் இலையையும், இலை இருக்கும் காட்டையும் சேர்த்துக் காப்பாற்றுவது.

இரண்டு: கோஸ்டா ரிகா கடந்த நூற்றாண்டில் மாட்டுப் பண்ணைக்காகவும் விவசாயத்துக்காகவும் ஏராளமான காட்டை வெட்டியது. பிறகு விழித்துக்கொண்டது. 1996-இல் ஒரு வனச் சட்டம் கொண்டு வந்து, தன் நிலத்தில் காட்டைக் காக்கும் விவசாயிகளுக்கு அரசே பணம் கொடுக்க வழி செய்தது. இப்போது அந்த நாட்டில் பாதிக்கு மேல் காடு. இழந்ததைத் திரும்ப வளர்க்க முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் மரத்தை வளர்க்கலாம், அழிந்துபோன பூச்சி இனத்தை எந்தச் சட்டம் போட்டும் வளர்க்க முடியாது. 1 செ.மீ. பூச்சி அழிந்தால் பேப்பரில் செய்திகூட வராது.

மூன்று: எங்கள் வகுப்பில் அன்று எழுந்து நின்று கேள்வி கேட்டவனை நாங்கள் கேலி செய்தோம். ஆனால் உலகத்தின் இன்னொரு மூலையில் இரண்டு பேர் அதே கேள்வியைத் தங்களுக்குள் கேட்டு, காட்டுக்குப் போய் விடை தேடியிருக்கிறார்கள். "எப்படித் தெரியும்?" என்று கேட்கிறவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். விஞ்ஞானம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நீங்களும் செய்து பாருங்கள்

1. சுவரில் குதிக்கும் சிலந்தியைக் கண்டால் அடிக்காதீர்கள். அது கொசுவையும் ஈயையும் பிடிக்கும் நண்பன். அதன் முன்னால் ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடியுங்கள். தன் உருவத்தையே வேறு சிலந்தி என்று நினைத்து அது காலைத் தூக்கினாலும் தூக்கும். தூக்கினால் நேரமும் தேதியும் எழுதி வையுங்கள்.

2. தோட்டத்தில் பகல் வேளையில் இலைகளின் மேல்பக்கத்தைப் பொறுமையாகப் பாருங்கள். குட்டி அந்துப்பூச்சி ஏதாவது உட்கார்ந்திருந்தால், அது இறக்கையைக் கூரை போல மூடியிருக்கிறதா, தட்டையாக விரித்திருக்கிறதா, தூக்கிப் பிடித்திருக்கிறதா என்று பார்த்து வரையுங்கள். பிடிக்க வேண்டாம். பிடித்தால் செதில் உதிர்ந்துவிடும், அப்புறம் வரைய ஒன்றும் இருக்காது.

3. வரைந்த படத்தின் பக்கத்தில் உண்மை அளவை ஒரு கோடாகப் போட மறக்காதீர்கள். அளவு இல்லாத படம் பாதிப் படம்.

நல்ல படங்களை அடுத்த மாதத் தாளில் ஒட்டுவோம்.

கேள்விகள்

(விடைகளை ஒரு தாளில் எழுதி, பெயர், வகுப்புடன் பத்திரிகைப் பெட்டியில் போடவும்.)

1. பேட்ஸ் மிமிக்ரிக்கும் பிரெந்தியாவின் மிமிக்ரிக்கும் என்ன வித்தியாசம்?

2. ஈயின் சொந்த இறக்கையை வெட்டி அதற்கே ஏன் மறுபடி ஒட்டினார்கள்?

3. பிரெந்தியாவைப் பார்த்துச் சிலந்தி கால் தூக்கியது ஏன் முக்கியமான சாட்சி?

4. யோசிக்க: சிலந்தியே இல்லாத ஒரு தீவில் பிரெந்தியா பல்லாயிரம் தலைமுறை வாழ்ந்தால் அதன் இறக்கை அப்படியே இருக்குமா, மாறுமா? காரணத்தோடு எழுதவும்.

நான்காவது கேள்விக்கு ஒரே விடை கிடையாது. நல்ல காரணம் எழுதுகிறவர்களின் விடை அடுத்த இதழில் அவரவர் கையெழுத்திலேயே வரும்.